இஞ்சாருங்கோ

கனடாவில், ஸ்காபரோவில் எந்த டொக்டரிடம் போனாலும் முன்மேசையில் இருக்கும் பிள்ளை கேட்கும் முதல் கேள்வியிலேயே நான் மாட்டிக்கொள்வேன். கணவருடைய பெயர் என்ன? நான் வாயைத் திறக்கமாட்டேன். கைப்பையைத் திறந்து இவருடைய ஹெல்த் கார்ட்டை எடுத்து நீட்டுவேன். எனக்குப் பேச்சு வராது என்று நினைத்து ஒரு பிள்ளை கைச்சாடையால் கதிரையைக் காட்டியதும் உண்டு. நானும் போய் அதில் இருந்தேன்.

இவர் என்று நான் சொன்னால் அது என் கணவர்தான். கல்யாணமான நாளிலிருந்து இவருடைய பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. எழுதச் சொன்னால் எழுதுவேன், வாயால் சொல்ல வராது. நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர், என்பதால் கல்யாணத்தன்று கோவிலில் சுவாமியார் சொல்லச் சொல்ல ஒருதரம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அதையும் பக்கத்தில் நின்ற இவருக்கே கேட்காதபடி சொன்னேன். சுவாமியார் பெரிய மனது பண்ணி விட்டுவிட்டார்.

கூப்பிடுவதற்கு எங்களிடம் வேறு சொல் இருக்கிறது. இஞ்சாருங்கோ. இங்கே பாருங்கள் என்பதுதான் பொருள். யாழ்ப்பாணத்தில் பெண்சாதி புருசனைக் கூப்பிட அது போதும். பதிலுக்கு இவர் என்னை ‘இஞ்சாரும்’ என்பார். தமிழ்க் கடையில் மீன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நான் கூப்பிட்டால் இவரைத் தவிர இன்னும் சில ஆண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் வருவது இவர் மட்டும்தான். அந்தச் சொல்லில் ஆளைக் காட்டுவது குரல் ஒன்றே. மகள் பாலர் வகுப்பில் இருந்தபோது ரீச்சர் அப்பாவின் பெயரைக் கேட்டிருக்கிறார். அவள் யோசிக்காமல் ‘இஞ்சாருங்கோ’ என்றிருக்கிறாள். பெற்றோர் கூட்டத்தில் ரீச்சர் இவருக்குக் கைகொடுத்து ‘மிஸ்டர் இஞ்சாருங்கோ’ என்று வரவேற்றார். இவரும் ஓம் என்று கைகொடுத்துவிட்டு வந்தார்.

இவர் ஒஷாவாவில் கார் உதிரிப்பாகம் செய்யும் பக்டரியில் வேலை செய்து ஓய்வு எடுத்தவர். ஓய்வு எடுத்துப் பல வருடம் கழித்து ஒருநாள் காலையில் சாப்பாட்டுப் பெட்டியும் கையுமாக ரெயின் ஏறிப் போய் அந்தப் பக்டரி வாசலில் நின்றாராம். வாசலில் காவல் நின்றவர் மகளுக்குப் போன் பண்ணினார். பிறகு ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்தார்கள், கேள்வி கேட்டார்கள், மறதி நோய் தொடங்கிவிட்டது என்றார்கள். நான் டொக்டரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். என்னை மறந்துவிடுவாரா? டொக்டர் நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. சொல்ல முடியாது என்றார். அன்றிலிருந்து, பாஸ்போட்டை மறக்கட்டும், மகளின் பிறந்தநாளை மறக்கட்டும், என்னை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும் என்று செபமாலை சொல்லும்போதெல்லாம் வெட்கமில்லாமல் கேட்டேன்.

இவருக்கு ஒரு ஆசை இருந்தது. பக்டரிச் சாப்பாட்டு அறையில் ஜப்பான்காரன் கொடுத்த கலண்டர் ஒன்று தொங்கியதாம். வருடா வருடம் கலண்டர் மாறினாலும் கார்த்திகை மாதத்துக்கு ஒரே மாதிரிப் படம். சிவப்பு இலை, சிவப்புப் பாலம், ஆளே இல்லாத மலை. அதைப் பார்த்துக்கொண்டே பாண் சாப்பிட்டவர் அங்கே போகவேண்டும் என்றார்.

“நாட்டுக் கொடியிலையே மேப்பிள் இலையை வைச்சுக்கொண்டு, அதைப் பாக்க ஆராவது ஜப்பானுக்குப் போவினமே?” என்றேன்.

“இது வேறை. இதின்ர இலை சின்னன். குழந்தைப்பிள்ளையின்ர கை மாதிரி,” என்றார்.

மகள் கொம்பியூட்டர் வேலைக்காரி. எல்லாவற்றையும் அவளே ஒழுங்கு செய்தாள். அப்பாவுக்கு நினைவு இருக்கும்போதே போய்வாருங்கோ என்றாள். ஜப்பானில் இறங்கிப் பெரிய நகரங்களில் இலை பார்க்கப் போன இடமெல்லாம் மடு மாதா கோவில் திருவிழாவுக்கு வந்த மாதிரிச் சனம். மரத்தைவிடப் போனைத் தூக்கிப் பிடித்த கைகள்தான் அதிகம். இவர் முகம் வாடிப்போனது. படத்தில் இருந்தது இது இல்லை என்றார். அதனால்தான் மகள் ரொறன்ரோவில் இருந்தபடியே மலைக்குள் ஒரு கிராமத்தைத் தேடிப் பிடித்தாள்.

ரெயினில் போய், பிறகு பஸ்ஸில் போனோம். பஸ்ஸில் எங்களைத் தவிர யாரும் இல்லை. கடைசித் தரிப்பில் இறங்கினபோது அந்தச் சின்னக் கொட்டகைக்குள் ஊர்ச் சனம் வரிசையாக இருந்தது. தொப்பி, கம்பளிச் சட்டை, முழங்காலில் கை. நான் தலையைக் குனிந்து வணக்கம் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. இதென்ன மரியாதை என்று எனக்குச் சுள்ளென்று வந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். கண் இருக்கவேண்டிய இடத்தில் பொத்தான்.

அறை வாடகைக்கு விட்டிருந்த பெண் எங்களைக் கூட்டிப்போக வந்தாள். என் வயதுதான் இருக்கும். அவள் போனுக்குள் ஜப்பான் மொழியில் பேச, போன் எங்களுக்குத் தமிழில் சொன்னது. எங்களைவிடச் சுத்தமான தமிழ். இந்த ஊரில் முன்பு நிறையப் பேர் இருந்தார்கள். ஒருவர் போனால் அவரைப் போல ஒரு பொம்மை செய்து அவர் இருந்த இடத்தில் வைப்போம். இப்போது எங்களைவிட அவர்கள்தான் அதிகம்.

“செத்துப்போன ஆக்களோ?” என்று கேட்டேன்.

போன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “சிலர் இறந்தார்கள். சிலர் சென்றார்கள். நாங்கள் பிரித்துப் பார்ப்பதில்லை,” என்றது.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை. வயலில் மண்வெட்டியோடு ஒரு கிழவர், வாய்க்கால் கரையில் உடுப்புத் தோய்க்கும் ஒரு பெண், பூட்டின பள்ளிக்கூட யன்னலுக்குள் பிள்ளைகள். பொழுதுபடும் நேரம் கம்பங்களில் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளில் ஒரு பாட்டு வந்தது. பிள்ளைகள் விளையாட்டை விட்டு வீட்டுக்குப் போகும் நேரம் என்று அறிவிக்கிற பாட்டாம். ஊரில் வீட்டுக்குப் போக ஒரு பிள்ளைகூட இல்லை. பாட்டு மலையில் பட்டுத் திரும்பி வந்து, முடிந்த பிறகும் இன்னும் கொஞ்சம் கேட்டது.

இவருக்கு மட்டும் உசார் வந்துவிட்டது. பொம்மைகளுக்கு நின்று நின்று வணக்கம் சொன்னார். கொட்டகையில் இருந்த ஒன்றைக் காட்டி, “இந்தாள் எங்கட பக்டரியிலை என்னோடை நிண்டவர்,” என்றார்.

“பேசாமல் வாருங்கோ,” என்றேன்.

மறுநாள் ஆற்றங்கரையால் நடந்து இலை பார்க்கப் போனோம். கரடி வரும் இடம் என்று வீட்டுக்காரி இவருடைய தோள்பையில் ஒரு சின்ன மணி கட்டிவிட்டாள். நடக்க நடக்க அது கிணுகிணுத்தது. கடைசியில் இவருடைய கலண்டர் படம் அங்கே இருந்தது. சிவப்புப் பாலம் இல்லை, ஒரு பழைய மரப்பாலம். ஆனால் அந்த மலை, அந்த இலை. உண்மையிலேயே குழந்தைப்பிள்ளையின் கைதான். காற்றே இல்லாமல் விழுந்துகொண்டிருந்தன. அவ்வளவு அமைதியில் இலை வந்து நிலத்தில் படும் சத்தம்கூடக் கேட்டது. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “இஞ்சாரும், கண்டீரோ? நான் சொன்னனான்தானே,” என்றார். இவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் கடைசி என்று அப்போது எனக்குத் தெரியாது.

மகளுக்கு அனுப்பப் படம் எடுக்கிறேன் என்று நான் பாலத்துக்கு நடுவில் போனேன். திரும்பினபோது கரையில் இவர் இல்லை.

“இஞ்சாருங்கோ!” என்றேன்.

பள்ளத்தாக்கு முழுவதும் அது போய்த் திரும்பி வந்தது. நான் இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. அந்தச் சொல்லில் பெயர் இல்லை. இங்கே பார் என்று நான் மலையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறேன். எது வேண்டுமானாலும் பார்க்கலாம்.

மரங்களுக்குள் மணி கேட்டது. கிணுகிணு என்று, நடக்கிற ஆளின் கணக்கில். நிம்மதியோடும் கோபத்தோடும் அந்தப் பக்கம் ஓடினேன். வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே ஓடினேன். மரங்கள் முடிந்த இடத்தில் ஒரு கைவிட்ட வயல் இருந்தது. அதில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஆள் நின்றது. தோளில் இவருடைய பை. முன்னால் போய்ப் பார்த்தேன், பொத்தான் கண். இவர் பையைக் கழற்றி அதன் தோளில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அது எனக்கு விளங்கியது. மணி எப்படிக் கிலுங்கியது என்பதுதான் இன்றைக்கும் விளங்கவில்லை. காற்று இல்லை.

வீட்டுக்குத் திரும்பி ஓடினேன். என் முகத்தைக் கண்டதுமே வீட்டுக்காரி யாருக்கோ போன் பண்ணத் தொடங்கிவிட்டாள். ஊர்ச் சனம் எல்லாம் தேட வரும், ஒலிபெருக்கியிலும் சொல்லுவோம் என்றாள். பிறகு தன் போனை என் வாய்க்குக் கிட்டப் பிடித்தாள். அது அந்தச் சுத்தத் தமிழில் கேட்டது: “உங்கள் கணவரை நீங்கள் எப்படி அழைப்பீர்கள்?”

கேட்டதற்குப் பதில் சொன்னேன். “இஞ்சாருங்கோ.”

அவள் அதை மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். சரியா என்பது போல் தலையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். பாலர் வகுப்பில் மகள் விட்ட பிழையை, பேரப்பிள்ளை காணும் வயதில் நான் விட்டேன்.

நான் தெருவுக்கு வந்தபோது கம்பங்களில் ஒலிபெருக்கிகள் கரகரத்தன. ஒரு பெண் குரல் ஜப்பான் மொழியில் ஏதோ சொல்லியது. பிறகு நீட்டி நிறுத்தி, “இன்ஜாருன்கோ... இன்ஜாருன்கோ...” ஊரின் இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்புவரை ஒவ்வொரு கம்பமும் கூப்பிட்டது. ஒன்று சொல்லி முடிக்க முதல் மற்றது தொடங்கியது. பிறகு மலையும் கூப்பிட்டது. என் சொல், வேறொரு பெண்ணின் வாயில், என் புருசனைக் கூப்பிட்டது.

கையில் போன் அடித்தது. மகள், நித்திரைக் குரலில்; வீட்டுக்காரி எழுப்பிவிட்டிருக்கிறாள். நான் அழுதுகொண்டு விசயத்தைச் சொன்னேன்.

“அம்மா, பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ,” என்றாள். “உந்த இஞ்சாருங்கோவை விடுங்கோ. ஹிஸ் நேம். தன்ர பேரைக் கேட்டா வருவார். ப்ளீஸ் அம்மா, ஜஸ்ட் சே இட்.”

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. நான் தெரு நடுவில் நின்று, இவ்வளவு வருடமும் சொல்லாத பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். முழுப்பெயரையும், அடித் தொண்டையால். அதை இங்கேயும் எழுதமாட்டேன்.

பஸ் தரிப்புக் கொட்டகையில் வரிசையாக இருந்த பொம்மைகளில் ஒன்று எழும்பி நின்றது.

நான் அந்த வழியால் சற்றுமுன்தான் ஓடிவந்தேன். அவற்றுக்கு முன்னால்தான் ஓடினேன். தொப்பியைக் கண்ணுக்கு மேல் இழுத்துக்கொண்டு, முழங்காலில் கை வைத்து, அவைபோலவே இவர் இருந்திருக்கிறார். எனக்கும் இவரைத் தெரியாமல் போயிருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறுவதில்லை.

“ஓம், நான்தான்,” என்றார் இவர், மரியாதையாக. “நீங்கள் ஆர்?”

“என்ன கேள்வி இது? நான்தான்!”

“என்ர மனுசியோடை வந்தனான், தங்கச்சி. ஆளைக் காணேல்லை. நீங்கள் கண்டனீங்களோ?”

“நான்தான் உங்கட மனுசி!” என்று கையைப் பிடித்தேன். கூச்சப்பட்டுச் சிரித்துக்கொண்டு கையை எடுத்துவிட்டார். வேற்றுப் பெண் கை பட்டால் ஒரு நல்ல மனிதர் எப்படி எடுப்பாரோ அப்படி.

“இல்லைத் தங்கச்சி. என்ர மனுசி என்ர பேர் சொல்லமாட்டா.”

“இஞ்சாருங்கோ,” என்றேன் நான், முகத்துக்கு நேரே.

இவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், மலையைப் பார்த்தார். “அந்தா கூப்பிடுறா. அங்கைதான் நிக்கிறா,” என்று சொல்லிக்கொண்டு காட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினார். நான் வழியை மறித்தேன். திரும்பவும் அந்தச் சொல்லைச் சொன்னேன், திரும்பவும் மலையைத்தான் பார்த்தார். நான் சொல்லச் சொல்ல இவர் அந்தப் பக்கம் இழுபட்டார். கடைசியில் எனக்கு விளங்கியது. இவரைக் காட்டுக்குள் விடாமல் காப்பாற்ற வேண்டுமென்றால் நான் கூப்பிடுவதை நிறுத்தவேண்டும். நிறுத்தினேன். வேறு வழி தெரியாமல், “வாங்கோ அண்ணை, குளிருது. உங்கட மனுசி நாளைக்குக் காலமை வருவா,” என்றேன். அண்ணை என்றதும் நம்பி என்னோடு வந்தார்.

வரும்போது விமானத்தில் எனக்கு ஜன்னல் பக்கம் விட்டுத்தந்து மரியாதையாக வந்தார். ரொறன்ரோவில் பாஸ்போட் பார்த்த அதிகாரி என்னைக் காட்டி யாரென்று இவரிடம் கேட்க, “நல்ல மனுசி, என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவ,” என்றார். மகளைத் தெரிந்தது. பக்கத்து வீட்டு நாயைத் தெரிந்தது. என்னை மட்டும் தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாய்க்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமோ மாதாவே என்று குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு அழுதேன். டொக்டர் இப்படியும் வருவது உண்டு என்று சொல்லி அதற்கு ஒரு பெயர் சொன்னார். பெயர் வைத்துவிட்டால் போதுமா?

அதன்பிறகு வீட்டில் நான் ‘அண்ணை’ என்றே கூப்பிட்டேன். மாறி வாய் தவறி இஞ்சாருங்கோ என்றால் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போய்விடுவார், மனுசி கூப்பிடுகிறா என்று. இவரைப் பொறுத்தவரை மனுசி ஜப்பானில் மலையில் நிற்கிறா, யாராவது போய்க் கூட்டிவர வேண்டும். சில பின்னேரங்களில் கண்ணாடி முன் தலை இழுக்கும்போது எனக்கே ஒருமாதிரி இருக்கும். அன்றைக்கு அங்கே கூப்பிட்டது இரண்டு குரல். திரும்பி வந்தது எது என்று ஒரு யோசனை வரும். உடனே போய் ஒரு வேலையைச் செய்வேன்.

பனி உருகின காலத்தில் அந்த வீட்டுக்காரி மகளின் போனுக்கு ஒரு படம் அனுப்பினாள். எங்கள் நினைவாக ஊரில் செய்தார்களாம். அன்பாகத்தான் அனுப்பியிருந்தாள். மரப்பாலத்தின் நடுவில் ஒரு பெண் பொம்மை, என்னுடைய மாதிரியே கண்ணாடியும் சால்வையும். இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்து வைத்துக் கூப்பிடுகிற மாதிரி நின்றது. மகள் அதை மறைக்க முதல் இவர் எட்டிப் பார்த்துவிட்டார்.

“அந்தா, என்ர மனுசி,” என்றார். சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது. “நான் சொன்னனான்தானே, அங்கைதான் நிக்கிறா.”

போன இலையுதிர்காலம், ஒரு பின்னேரம். தெருவில் மேப்பிள் எல்லாம் சிவந்திருந்தது. நான் பேஸ்மென்றில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். அந்த லைற்றைப் போடும் ஆளி மேலே படித் தலைப்பில் இருக்கிறது. இவருக்கு எதை மறந்தாலும் கரன்ட் காசு மறக்காது, போகிற வழியில் அணைத்துவிட்டார். கீழே கும்மிருட்டு. ஈர உடுப்பும் கையுமாக நான் யோசிக்காமல் கத்தினேன்.

“இஞ்சாருங்கோ! நான் கீழை நிக்கிறன், லைற்றைப் போடுங்கோ!”

“ஓம், போடுறன் பொறும்,” என்று பதில் வந்தது. லைற் வந்தது.

பொறும் என்றார். தங்கச்சிக்குச் சொல்லும் ‘பொறுங்கோ’ இல்லை. படியில் இருந்துவிட்டேன். மேலே கதவு பாதி சாத்தியிருந்தது. அங்கிருந்து இவருக்கு என்னைத் தெரியாது, எனக்கும் இவருடைய செருப்பு நுனி மட்டும்தான் தெரிந்தது.

“எங்கை நிக்கிறீர்?” என்று கேட்டார்.

“கீழை.”

“கீழை எண்டா, அந்த ஆத்தடியிலையோ?”

நான் ஈர உடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, “ஓம்,” என்றேன்.

“குளிருமே அங்கை. சால்வை போட்டிருக்கிறீரோ?”

“போட்டிருக்கிறன்.”

“இலையெல்லாம் விழுந்திட்டுதோ?”

“இன்னும் கொஞ்சம் கிடக்கு.”

“சரி, இருட்ட முதல் வந்திடும். நான் தேடாத இடமில்லை.”

“வாறன்,” என்றேன். “நீங்கள் அங்கையே நில்லுங்கோ. நான் வாறன்.”

தோய்க்கும் மெசின் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் படியிலேயே இருந்துவிட்டால் என்ன என்று நினைத்தேன். அங்கே நான் பெண்சாதி. மேலே போனால் தங்கச்சி. இருந்தேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு இவர் பசியோடு நிற்பார் என்று நினைவு வர, முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறிப் போனேன்.

குசினியில் இவர் சேட்டுப் பொத்தானைச் சரியாகப் பூட்டிக்கொண்டு நின்றார். தலைகூட இழுத்திருந்தார். அப்படி ஒரு முகத்தை நான் கல்யாணத்தன்றுதான் கண்டேன்.

“தங்கச்சி, என்ர மனுசி வாறாவாம்,” என்றார். “இப்பதான் கதைச்சவ. தேத்தண்ணி ஒண்டு கூடப் போடுங்கோ.”

நான் கேத்திலைப் போட்டுவிட்டு மூன்று கோப்பை எடுத்து வைத்தேன். சீனிப் போத்தலைத் திறக்க இவர் பதறிக்கொண்டு கிட்ட வந்தார்.

“அவவின்ர தேத்தண்ணிக்குச் சீனி போட்டிடாதேங்கோ. அவ குடிக்கமாட்டா.”

“தெரியும் அண்ணை,” என்றேன்.